பொது அறிவுப் பாடம்: சங்கமும் அரசியலமைப்பும்

நமது அங்கத்தினர்களின் இல்லங்களில் அரசாங்கப் பணித் தேர்வுகளுக்குப் படிக்கும் பிள்ளைகள் இன்று பலர் உளர். தறியின் ஓசைக்கிடையிலும் களத்து மேட்டிலும் அமர்ந்து அவர்கள் நடப்புச் செய்திகளை மனப்பாடம் செய்வதைக் காண்கிறோம். இன்ன சட்டம் இன்ன தேதியில் நிறைவேறியது, இன்ன அமைச்சகம் இன்ன நாளில் தோன்றியது என்று நூற்றுக்கணக்கான குறிப்புகள் அவர்களுடைய ஏடுகளில் நிறைந்திருக்கின்றன. அவ்வுழைப்புப் பாராட்டத்தக்கதே. ஆயினும், அச்செய்தி எதனால் உண்டாயிற்று, அது தம் வீட்டை எவ்விடத்தில் தொடுகிறது என்று கேட்டால் விடை கூறத் தயங்குகிறார்கள். தகப்பனாரின் பெட்டியில் இருக்கும் பங்குச் சான்றும், ஆண்டுதோறும் சங்கத்திலிருந்து வரும் பேரவைக் கூட்ட அறிவிப்பும் தாம் படிக்கும் பாடத்தின் ஒரு பகுதியே என்பதை அவர்கள் அறிவதில்லை. தகப்பனாரும் அறிவதில்லை.

இக்குறையைக் களையும் பொருட்டு, இம்மாதப் பாடத்தில் ஒரே ஒரு செய்தியை எடுத்துக்கொண்டு அதன் வேர் வரையில் சென்று பார்ப்போம். அச்செய்தி, அரசியலமைப்பின் 97-ஆவது திருத்தமும், அத்திருத்தத்தைக் குறித்து உச்ச நீதிமன்றம் 2021-ஆம் ஆண்டில் அளித்த தீர்ப்புமாகும். தேர்வு எழுதுவோர்க்கு இது அரசியலமைப்பு, நடப்புச் செய்தி, பொருளாதாரம் ஆகிய மூன்று பகுதிகளுக்கும் பயன்படும். அங்கத்தினர்க்கோ, தமது சங்கத்தை ஆளும் உரிமை எந்தச் சட்டத்தில் தங்கியிருக்கிறது என்பதை இது தெளிவாக்கும்.

ஐந்து கேள்விகள்

எந்தச் செய்தியைப் படித்தாலும் ஐந்து கேள்விகளை வரிசையாகக் கேட்டுக்கொள்ளும் பழக்கம் வேண்டும். முதலாவது, முன்பு இருந்த நிலை என்ன? இரண்டாவது, இப்பொருளில் சட்டம் செய்யும் அதிகாரம் யாருக்கு உரியது? மூன்றாவது, மாற்றம் எதற்காகக் கொண்டுவரப்பட்டது? நான்காவது, அம்மாற்றத்துக்கு எதிர்ப்பு எழுந்ததா, எழுந்ததாயின் முடிவு என்ன? ஐந்தாவது, இன்று எஞ்சி நிற்பது எது, அது யாரைத் தொடுகிறது?

நெசவில் பாவு இல்லாமல் ஊடை நிற்பதில்லை. அதுபோலவே, காரணங்கள் மனத்தில் ஓடியிருந்தால்தான் ஆண்டுகளும் தேதிகளும் அவற்றினிடையே தங்கி நிற்கும். காரணம் அறியாது மனப்பாடம் செய்த தேதி, தேர்வு மண்டபத்தில் வேறொரு தேதியுடன் கலந்து மயக்கத்தையே தரும்.

முன்பு இருந்த நிலை

கூட்டுறவு இயக்கத்தின் வரலாற்றை எழுதுவோர் இங்கிலாந்தில் லங்காஷயரைச் சேர்ந்த ராச்டேல் நகரிலிருந்து தொடங்குவது வழக்கம். 1844-ஆம் ஆண்டில் அங்கே 28 பேர் கூடி ஒரு சங்கம் அமைத்தனர். அவர்களுள் நெசவாளரும் இருந்தனர். அவ்வாண்டு டிசம்பர் 21-ஆம் நாள் அவர்கள் திறந்த சிறு கடையில் மாவு, சர்க்கரை, வெண்ணெய் போன்ற சில பொருள்களே இருந்தன. ஆயினும், ஒவ்வோர் அங்கத்தினர்க்கும் ஒரே வாக்கு என்பதும், இலாபத்தை வாங்கிய பொருளின் அளவுக்கேற்பப் பகிர்வது என்பதும் அவர்கள் கைக்கொண்ட நெறிகளாகும். பங்கு எத்தனை வைத்திருந்தாலும் வாக்கு ஒன்றே என்னும் இந்நெறியே கூட்டுறவுச் சங்கத்தைப் பங்குக் கம்பெனியினின்றும் வேறுபடுத்துகிறது.

ஜெர்மனியில் ரைபைசன் என்பார் கிராமத்துக் குடியானவர்களுக்குக் கடன் சங்கங்களை அமைத்தார். ஒருவரையொருவர் அறிந்த சிறு எல்லைக்குள், ஒருவர்க்கொருவர் பொறுப்பேற்றுக் கடன் பெறுவதும் கொடுப்பதும் அவர் வகுத்த முறையாகும். இம்முறை நம் நாட்டுக்கு வந்த வழியில் சென்னை மாகாணத்துக்குப் பெரும் பங்கு உண்டு. இம்மாகாணத்தில் அதிகாரியாக இருந்த பிரடெரிக் நிக்கல்சன், விவசாயிகளுக்கான வங்கிகளைப் பற்றி ஆராய்ந்து 1895, 1897 ஆகிய ஆண்டுகளில் அறிக்கைகளை வெளியிட்டார். ரைபைசன் முறையே இந்நாட்டுக்கு ஏற்றது என்பது அவர் கண்ட முடிவு.

அதன் பின்னர் 1904-ஆம் ஆண்டில் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் சட்டம் இயற்றப்பட்டது. அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துத் திரூரில் விவசாயக் கடன் சங்கமும், காஞ்சீபுரத்தில் நகரக் கடன் சங்கமும் அவ்வாண்டிலேயே தோன்றின. சென்னைத் திருவல்லிக்கேணியில் நுகர்வோர்க்கான சங்கமும் அதே ஆண்டில் தொடங்கிற்று. எனினும் 1904-ஆம் ஆண்டுச் சட்டம் கடன் சங்கங்களை மட்டுமே கருதியது. நெசவாளர் சங்கம், விற்பனைச் சங்கம் போன்றவற்றுக்கும், பல சங்கங்கள் சேர்ந்து அமைக்கும் மத்தியச் சங்கங்களுக்கும் இடமளித்தது 1912-ஆம் ஆண்டுச் சட்டமாகும். இவ்விரு சட்டங்களின் வேற்றுமை தேர்வுக்குப் படிப்போர் மறவாது கொள்ள வேண்டியதொன்று. நமது நெசவாளர்களின் தலைமைச் சங்கமாகிய கோ-ஆப்டெக்ஸ் 1935-ஆம் ஆண்டில் தோன்றியது.

அதிகாரம் யாருக்கு?

1919-ஆம் ஆண்டின் இந்திய அரசாங்கச் சட்டம் கூட்டுறவை மாகாணங்களின் பொறுப்பில், அதிலும் அமைச்சர்கள் வசம் மாற்றப்பட்ட இலாகாக்களுள் ஒன்றாக, வைத்தது. சென்னை மாகாணம் 1932-ஆம் ஆண்டில் தனக்கெனக் கூட்டுறவுச் சட்டம் இயற்றிக்கொண்டது. நாடு விடுதலை பெற்றுக் குடியரசாகிய பின்னும் இந்நிலை மாறவில்லை. அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் மூன்று பட்டியல்கள் உள்ளன: மத்தியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல். கூட்டுறவுச் சங்கங்கள் மாநிலப் பட்டியலின் 32-ஆவது இனத்தில் அடங்கும். மத்தியப் பட்டியலின் 43-ஆவது இனம், வியாபார நிறுவனங்களைக் கூறுமிடத்தில் கூட்டுறவுச் சங்கங்களை வெளிப்படையாக விலக்கியே கூறுகிறது.

ஆனால் ஒரு சங்கத்தின் நோக்கம் ஒரு மாநிலத்தோடு நில்லாமல் பல மாநிலங்களுக்கும் பரவியிருக்குமாயின், அது மத்தியப் பட்டியலின் 44-ஆவது இனத்தின் கீழ் வரும். இவற்றுக்குப் பல மாநிலக் கூட்டுறவுச் சங்கங்கள் என்று பெயர். இவற்றுக்கெனப் பாராளுமன்றம் 1984-ஆம் ஆண்டில் ஒரு சட்டமும், அதற்குப் பதிலாக 2002-ஆம் ஆண்டில் வேறொரு சட்டமும் இயற்றியது. நம் வயலுக்கு வாங்கும் உர மூட்டையில் இஃப்கோ என்னும் பெயரைக் காண்கிறோம் அல்லவா? அது பல மாநிலச் சங்கம். அவ்வுரத்தை நமக்கு விற்கும் கிராமத்துத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கமோ தமிழ்நாட்டுச் சட்டத்தின் கீழ் இயங்குவது. மூட்டை ஒன்று, அதைக் கையாளும் சங்கங்கள் இரண்டு, அவற்றை ஆளும் சட்டங்களும் இரண்டு. இவ்வேற்றுமையை இங்கே பற்றிக்கொண்டால் மேலே வரும் தீர்ப்பு முழுவதும் எளிதில் விளங்கும்.

தமிழ்நாட்டில் இப்பொழுது சங்கங்களை ஆளுவது 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டமாகும். அதற்கு முன் 1961-ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தது.

மாற்றம் எதற்காக?

சட்டங்கள் இருந்தும் பல மாநிலங்களில் சங்கங்களின் நிலை நன்றாயில்லை. தேர்தல் உரிய காலத்தில் நடைபெறாமல் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போயிற்று. தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகக் குழுக்கள் கலைக்கப்பட்டு, அதிகாரிகளின் கையில் நிர்வாகம் நெடுங்காலம் தங்கிற்று. நமது மாநிலத்திலும் தனி அதிகாரிகளின் கீழ்ச் சங்கங்கள் நடந்த காலங்களை மூத்த அங்கத்தினர்கள் நன்கு அறிவர். அக்காலங்களில் கணக்கைக் கேட்க வேண்டுமானால் யாரைக் கேட்பது என்றே அங்கத்தினர்க்குத் தெரியாதிருந்தது. தணிக்கையும் காலத்தில் முடிவதில்லை.

இந்நிலையை மாற்றும் நோக்கத்துடன் பாராளுமன்றம் 2011-ஆம் ஆண்டு டிசம்பரில் அரசியலமைப்பின் 97-ஆவது திருத்தத்தை நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் இசைவு 2012 ஜனவரி 12-ஆம் நாள் கிடைத்தது. 2012 பிப்ரவரி 15 முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஐக்கிய நாடுகள் சபை சர்வதேசக் கூட்டுறவு ஆண்டாக அறிவித்திருந்த ஆண்டும் 2012 என்பதைச் சேர்த்து நினைவிற் கொள்ளலாம்.

இத்திருத்தம் செய்த மாற்றங்கள் மூன்று. முதலாவதாக, 19-ஆவது பிரிவின் (1)(சி) உட்பிரிவில் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் அமைக்கும் உரிமையோடு கூட்டுறவுச் சங்கம் அமைக்கும் உரிமையும் சேர்க்கப்பட்டது. இதனால் அது அடிப்படை உரிமையாயிற்று. இரண்டாவதாக, 43-பி என்னும் புதிய பிரிவு அரசுக் கொள்கையின் வழிகாட்டு நெறிகளில் சேர்ந்தது. மக்கள் தாமாக விரும்பிச் சங்கம் அமைப்பது, அது தன்னாட்சியுடன் இயங்குவது, ஜனநாயக முறையில் கட்டுப்படுத்தப்படுவது, திறமையான நிர்வாகம் பெறுவது ஆகிய நான்கையும் ஊக்குவிக்க அரசு முயல வேண்டும் என்பது அதன் கருத்து. மூன்றாவதாக, 243-இசட்.எச். முதல் 243-இசட்.டி. வரையிலான பிரிவுகளைக் கொண்ட 9-பி என்னும் புதிய பகுதி சேர்க்கப்பட்டது.

அங்கத்தினர்க்கு நேரடியாகப் பயன் தருவன இம்மூன்றாம் மாற்றத்திலேயே இருந்தன. நிர்வாகக் குழுவில் இயக்குநர் எண்ணிக்கை 21-க்கு மேற்படலாகாது. தனி மனிதர்களை அங்கத்தினராகக் கொண்ட சங்கங்களில், அவ்வகுப்பினர் அங்கத்தினராக இருக்குமிடத்து, ஆதிதிராவிடர் அல்லது பழங்குடியினர்க்கு ஓர் இடமும் பெண்களுக்கு இரண்டு இடங்களும் ஒதுக்கப்பட வேண்டும். குழுவின் காலம் ஐந்து ஆண்டு. அக்காலம் முடியுமுன்பே அடுத்த தேர்தல் நடைபெற வேண்டும். குழுவைக் கலைத்தால் ஆறு மாதத்துக்கு மேல் அந்நிலையில் வைத்திருத்தலாகாது. மாநிலத்துக்குள் இயங்கும் கூட்டுறவு வங்கிகளுக்கு மட்டும் இவ்வெல்லை ஓர் ஆண்டு. அரசாங்கத்தின் பங்கோ கடனோ உதவியோ உத்தரவாதமோ பெறாத சங்கத்தின் குழுவைக் கலைத்தலே கூடாது. நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் தணிக்கை முடிந்து, பேரவையும் கூட வேண்டும். தமக்குச் சங்கத்தோடு உள்ள நடவடிக்கைகள் பற்றிய ஏடுகளையும் கணக்குகளையும் பார்க்கும் உரிமை அங்கத்தினர்க்கு உண்டு.

எதிர்ப்பும் முடிவும்

இவ்விதிகள் நல்லன என்பதில் ஐயமில்லை. ஆயினும் நல்ல நோக்கம் மட்டும் ஒரு சட்டத்தைச் செல்லுபடியாக்காது. உரிய முறையில் இயற்றப்பட்டிருத்தலும் வேண்டும். அரசியலமைப்பைத் திருத்தும் முறையை 368-ஆவது பிரிவு கூறுகிறது. பெரும்பாலான திருத்தங்களுக்குப் பாராளுமன்றத்தின் இரு சபைகளிலும் தனிப் பெரும்பான்மை போதும். மாநிலங்களின் அதிகாரத்தைத் தொடும் சில பொருள்களுக்கோ, நாட்டிலுள்ள மாநிலங்களில் பாதிக்குக் குறையாத மாநிலச் சட்டசபைகளின் ஒப்புதலும் வேண்டும். ஏழாவது அட்டவணைப் பட்டியல்கள் அப்பொருள்களுள் ஒன்று. சரக்கு மற்றும் சேவை வரிக்கான 101-ஆவது திருத்தம் 2016-ஆம் ஆண்டில் பாராளுமன்றத்தில் நிறைவேறிய பின், பாதிக்கு மேற்பட்ட மாநிலச் சட்டசபைகளின் ஒப்புதலைப் பெற்று, அதன் பின்னரே செப்டம்பர் 8-ஆம் நாள் குடியரசுத் தலைவரின் இசைவைப் பெற்றது.

97-ஆவது திருத்தத்துக்கு இத்தகைய ஒப்புதல் பெறப்படவில்லை. பட்டியலில் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை, ஆதலால் ஒப்புதல் வேண்டாம் என்பது மத்திய அரசின் வாதம். கூட்டுறவுச் சங்கங்களைப் பற்றி மாநிலச் சட்டசபைகள் எவ்வாறு சட்டம் இயற்ற வேண்டும் என்று 9-பி பகுதி வரையறுத்துவிட்டபடியால், பட்டியலின் சொற்கள் மாறாவிடினும் மாநிலத்தின் அதிகாரம் சுருங்கிற்று என்பது எதிர்வாதம். குஜராத் உயர் நீதிமன்றம் 2013 ஏப்ரலில் 9-பி பகுதி செல்லாது என்று தீர்ப்பளித்தது. மத்திய அரசு மேல்முறையீடு செய்தது. ராஜேந்திர ஷா வழக்கு என்று வழங்கும் இவ்வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 ஜூலை 20-ஆம் நாள் தீர்ப்புக் கூறியது.

தீர்ப்பின் சாரம் இது. மாநிலத்துக்குள் இயங்கும் சங்கங்களைப் பொறுத்தவரையில் 9-பி பகுதி செல்லாது என்பதில் நீதிபதிகள் மூவரும் ஒருமித்தனர். பல மாநிலச் சங்கங்களுக்கு அப்பகுதி செல்லுமா என்பதில் அவர்கள் வேறுபட்டனர். அவை பாராளுமன்றத்தின் அதிகாரத்துக்கே உட்பட்டவை ஆதலால், அவ்வளவில் பகுதியைப் பிரித்து நிலைநிறுத்தலாம் என்று நீதிபதிகள் நாரிமன், கவாய் ஆகிய இருவரும் கூறினர். அவ்வாறு பிரிக்க இயலாது, முழுவதும் வீழ வேண்டும் என்று நீதிபதி ஜோசப் கருதினார். பெரும்பான்மைக் கருத்தே தீர்ப்பாயிற்று.

எஞ்சி நிற்பது எது?

இங்கேதான் தேர்வு எழுதுவோர் பலர் தவறுகின்றனர். 97-ஆவது திருத்தம் முழுவதும் நீக்கப்பட்டுவிட்டது என்று எழுதுவது பிழை. முழுவதும் நிலைத்திருக்கிறது என்பதும் பிழை. 19(1)(சி)-யில் சேர்ந்த அடிப்படை உரிமை நிலைத்திருக்கிறது. 43-பி பிரிவும் நிலைத்திருக்கிறது. 9-பி பகுதி பல மாநிலச் சங்கங்களுக்கு மட்டும் உயிரோடிருக்கிறது. மாநிலத்துச் சங்கங்களுக்கு அது இல்லை.

அங்கத்தினர்க்கு இதன் பொருள் யாது? நமது நெசவாளர் சங்கத்திலோ விவசாயச் சங்கத்திலோ தேர்தல் எப்பொழுது நடக்க வேண்டும், குழுவைக் கலைத்தால் எத்தனை காலத்துக்குள் மறுதேர்தல் வேண்டும், தணிக்கை எப்பொழுது முடிய வேண்டும் என்பனவற்றுக்கெல்லாம் இன்று நேரடியான அரசியலமைப்புக் காவல் இல்லை. மாநிலச் சட்டமும், அதன் விதிகளும், நமது சங்கத்தின் துணைவிதிகளுமே காவல். மாநிலச் சட்டத்தைச் சட்டசபை சாதாரணப் பெரும்பான்மையால் மாற்றலாம். அரசியலமைப்பில் உறுதியாக எழுதப்பட்ட வரம்பை அவ்வாறு மாற்ற இயலாது. ஆகவே, தமிழ்நாட்டில் 2013, 2018 ஆகிய ஆண்டுகளில் நடைபெற்றவை போன்ற சங்கத் தேர்தல்கள் இனியும் காலந்தோறும் நடப்பது, மாநிலச் சட்டம் எவ்வாறிருக்கிறது என்பதையும் அங்கத்தினர் எவ்வளவு விழிப்பாயிருக்கிறார்கள் என்பதையும் பொறுத்தது.

தீர்ப்பை இதனால் குறைகூறுவது முறையன்று. மாநிலத்துக்கு உரிய அதிகாரத்தை மாநிலத்தைக் கேளாமல் சுருக்கலாகாது என்பதும் ஜனநாயக நெறியே. உரிய ஒப்புதலைப் பெற்று நிறைவேற்றியிருந்தால் அங்கத்தினரின் பாதுகாப்பும், மாநிலத்தின் உரிமையும் ஒருங்கே காக்கப்பட்டிருக்கும். முறை தவறியதால் நல்ல விதிகளை நாம் இழந்தோம் என்பதே இச்செய்தி தரும் படிப்பினை. நமது பேரவையில் உரிய அறிவிப்பின்றியும் போதிய வருகையின்றியும் தீர்மானம் நிறைவேற்ற முற்படும்போதும் இப்படிப்பினையை நினைத்தல் நலம்.

வழிகாட்டு நெறிகள் நீதிமன்றத்தின் வாயிலாக நிறைவேற்றக் கூடியவை அல்ல என்று 37-ஆவது பிரிவு கூறுகிறது. ஆயினும் அவை நாட்டின் ஆட்சிக்கு அடிப்படையானவை என்றும் அப்பிரிவே கூறுகிறது. நெசவாளர்க்கு 43-பி மட்டுமின்றி 43-ஆவது பிரிவும் முக்கியமானது. கிராமங்களில் தனித்தோ கூட்டுறவு முறையிலோ குடிசைத் தொழில்களை வளர்க்க அரசு முயல வேண்டும் என்று தொடக்கம் முதலே அப்பிரிவு சொல்லி வருகிறது. அரசியலமைப்பில் கூட்டுறவு முதன்முதல் நுழைந்தது 97-ஆவது திருத்தத்தால் என்று கருதுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

தொடர்ந்து வந்த செய்திகள்

2021 ஜூலை மாதத்திலேயே மற்றொரு செய்தியும் வந்தது. அம்மாதம் 6-ஆம் நாள் மத்திய அரசில் கூட்டுறவுக்கெனத் தனி அமைச்சகம் அமைக்கப்பட்டது. அதற்கு முன் இப்பொருள் விவசாய அமைச்சகத்தில் அடங்கியிருந்தது. மாநிலப் பட்டியலில் உள்ள பொருளுக்கு மத்தியில் அமைச்சகம் எதற்கு என்று கேட்கலாம். பல மாநிலச் சங்கங்கள், தேசியக் கொள்கை, நிதியுதவித் திட்டங்கள், பயிற்சி ஆகியன மத்திய அரசு செய்யக்கூடியவை. அமைச்சகம் தோன்றியதனால் 32-ஆவது இனம் பட்டியலை விட்டு நகரவில்லை என்பதே அதற்கு விடை.

2022 ஜூன் மாதத்தில் 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களின் கணக்குகளைக் கணினிமயமாக்கும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை இசைவளித்தது. 2023-ஆம் ஆண்டில் பல மாநிலச் சங்கங்கள் சட்டம் திருத்தப்பட்டு, அச்சங்கங்களுக்கெனத் தேர்தல் ஆணையமும், அங்கத்தினரின் முறையீடுகளைக் கேட்கக் குறைதீர்ப்பாளரும், நலிந்த சங்கங்களை மீட்க நிதியும் ஏற்படுத்தப்பட்டன. ஏற்றுமதி, இயற்கை விளைபொருள், விதை ஆகிய மூன்றுக்கும் தேசிய அளவில் மூன்று பல மாநிலச் சங்கங்களும் அவ்வாண்டில் தோன்றின. 2025-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை இரண்டாம் முறையாகச் சர்வதேசக் கூட்டுறவு ஆண்டாகக் கொண்டாடியது. அவ்வாண்டு ஜூலை 24-ஆம் நாள் புதிய தேசியக் கூட்டுறவுக் கொள்கை வெளியிடப்பட்டது. இதற்கு முந்திய கொள்கை 2002-ஆம் ஆண்டினது. குஜராத்தின் ஆனந்த் நகரில் திரிபுவன் பெயரால் கூட்டுறவுப் பல்கலைக்கழகம் அமைக்கும் சட்டமும் 2025-இல் நிறைவேறியது. 1946-ஆம் ஆண்டில் கைரா மாவட்டப் பால் உற்பத்தியாளர் சங்கத்தைத் தோற்றுவித்த திரிபுவன்தாஸ் பட்டேலின் பெயரே அது.

வைப்புத் தொகை பற்றியும் ஒரு குறிப்பு அவசியமாகிறது. 2020 பிப்ரவரி 4 முதல் வங்கி வைப்புத் தொகைக்கான காப்பீட்டு வரம்பு ஒரு லட்சம் ரூபாயிலிருந்து ஐந்து லட்சம் ரூபாயாக உயர்ந்தது. நகரக் கூட்டுறவு வங்கிகளும், மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகளும் இக்காப்பீட்டில் அடங்கும். தொடக்கக் கூட்டுறவுச் சங்கங்கள் இதில் அடங்கா. வங்கி வேறு, சங்கம் வேறு என்பதை அறியாமல் வைப்பு வைப்போர் பலர். தொடக்கச் சங்கத்தில் வைத்த பணத்துக்குக் காவல் அச்சங்கத்தின் நல்ல நிர்வாகமே. தணிக்கையையும் பேரவையையும் அசட்டை செய்யலாகாது என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

பயிற்சிக்கு மற்றொரு செய்தி

இதே ஐந்து கேள்விகளையும் ஆகஸ்டு 7-ஆம் நாளாகிய தேசியக் கைத்தறி தினத்துக்குப் பொருத்திப் பாருங்கள். 2015-ஆம் ஆண்டு முதல் இது கொண்டாடப்படுகிறது. முதல் விழா சென்னையில் நடைபெற்றது. இந்நாளைத் தேர்ந்ததற்குக் காரணம், 1905 ஆகஸ்டு 7-ஆம் நாள் கல்கத்தா நகர மண்டபத்தில் வங்கப் பிரிவினையை எதிர்த்துச் சுதேசி இயக்கம் முறைப்படி தொடங்கியதே. காரணத்தை அறிந்தவர்க்கு 1905, 2015 என்னும் இரண்டு ஆண்டுகளும் தாமாகவே ஒன்றையொன்று நினைவூட்டும்.

வினாக்கள்

1. கடன் அல்லாத சங்கங்களுக்கும் மத்தியச் சங்கங்களுக்கும் இடமளித்த சட்டம் எந்த ஆண்டினது?
2. கூட்டுறவுச் சங்கங்கள் ஏழாவது அட்டவணையில் எந்தப் பட்டியலின் எத்தனையாவது இனம்?
3. 97-ஆவது திருத்தம் எந்த நாள் முதல் நடைமுறைக்கு வந்தது?
4. 9-பி பகுதி மாநிலச் சங்கங்களுக்குச் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் கூறியதற்கு முதன்மையான காரணம் என்ன?
5. அத்தீர்ப்புக்குப் பின்னும் மாறாது நிற்கும் இரண்டு பிரிவுகள் யாவை?
6. குடிசைத் தொழிலையும் கூட்டுறவையும் இணைத்துக் கூறும் வழிகாட்டு நெறி எது?
7. ஐக்கிய நாடுகள் சபை சர்வதேசக் கூட்டுறவு ஆண்டுகளாகக் கொண்டாடிய ஆண்டுகள் எவை?
8. உங்கள் சங்கத்தின் கடைசித் தணிக்கை எந்த ஆண்டுக்குரியது? நிர்வாகக் குழுவின் காலம் என்று முடிகிறது?

விடைகள்

1. 1912. 2. மாநிலப் பட்டியல், 32-ஆவது இனம். 3. 2012 பிப்ரவரி 15. 4. பாதிக்குக் குறையாத மாநிலச் சட்டசபைகளின் ஒப்புதல் பெறப்படாமை. 5. 19(1)(சி), 43-பி. 6. 43-ஆவது பிரிவு. 7. 2012, 2025.

எட்டாவது வினாவுக்கு விடை இப்பத்திரிகையில் இல்லை. அது சங்கத்தின் அலுவலகத்தில் இருக்கிறது. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை தகப்பனாரை உடன் அழைத்துக்கொண்டு சென்று, துணைவிதிப் புத்தகத்தையும் கடைசித் தணிக்கை அறிக்கையையும் கேட்டு வாங்கிப் படித்துப் பார்க்கட்டும். படித்ததை வீட்டில் விளக்கிச் சொல்லட்டும். தேர்வில் கேட்கப்படும் வினா அவற்றிலிருந்து வந்தாலும் வாராவிட்டாலும், அடுத்த பேரவையில் அத்தகப்பனார் எழுந்து கேட்கும் கேள்வி சங்கத்துக்குப் பயன்படும்.